படம் என்றால் எழும்பு

என்னால் ஒரு நிமிடம் சும்மா இருக்க முடியாது. இப்போதும் அப்படித்தான், பத்து வயதில் இன்னும் மோசம். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வார். சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த கட்டடத்தின் எலிவேட்டர் வாரத்தில் இரண்டு நாளாவது ஓடாது. மற்றவர்கள் திட்டிக்கொண்டே படி ஏறும் அந்த நாட்களில் நான் மட்டும் பதினேழு மாடியையும் சந்தோசமாக ஓடி ஏறுவேன். வீட்டுக்குள் ஓட வழியில்லை. ஓடினால் கீழ் வீட்டுக்காரர் தும்புத்தடியால் தன் கூரையை இடிப்பார்.

அது எங்கள் வீடு இல்லை, பெரியப்பாவின் வீடு. இரண்டு அறைகள். ஒன்றில் பெரியப்பாவும் பெரியம்மாவும், மற்றதில் அம்மாவும் நானும். எண்பத்தாறாம் ஆண்டின் கடைசியில், பனி கொட்டத் தொடங்கிய வாரத்தில் நாங்கள் வந்து இறங்கினோம். அப்பா ஜெர்மனியில் கடதாசிக்காகக் காத்திருந்தார். அப்பாவின் மூத்த அண்ணன் என்ற உரிமையில் பெரியப்பாதான் எங்களைக் கனடாவுக்கு எடுத்தவர். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தான் வந்தோம். அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவை அரித்தது அதுதான்.

பெரியப்பா ஊரில் தபாலதிபராக இருந்தவர். இங்கே நகரத்துக் கட்டடம் ஒன்றின் நிலத்தடியில், கார் நிறுத்தும் இடத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து ரிக்கற் கிழித்துக் கொடுத்தார். அதனால் அவருடைய தபாலதிபர் குணம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. வேலையால் வந்ததும் பூட்ஸைக் கதவடியில் இரண்டு தரம் ஓங்கி உதறுவார். குளிக்கும்போது தேவாரம் பாடுவார். ஆங்கிலப் பேப்பரை உரத்து வாசித்து, இடையிடையே எழுதியவனின் ஆங்கிலத்தையும் திருத்திவிட்டு, பெரியம்மாவுக்குத் தமிழில் சொல்வார். கீழ் வீட்டுக்காரர் இடித்தால் இவரும் குதிக்காலால் பதிலுக்கு ஒரு இடி இடிப்பார். கட்டடத்தின் கீழ்த் தளத்தில் இருந்த தபால் பெட்டியின் திறப்பு அவருடைய இடுப்புப் பட்டியில் தொங்கும். எந்தக் கடதாசியும் அவர் கண்ணைத் தாண்டி வீட்டுக்குள் வராது.

பெரியம்மா நெஞ்சு வருத்தக்காரி. சித்திரையில் ஒபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். அதுவரைக்கும் அவருக்கு எந்த அதிர்ச்சியும் வரக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதனால் சமையல் அம்மாவின் பொறுப்பு. பெரியம்மாவின் ஒரே மகன், நான் பெரியண்ணா என்று கூப்பிடுகிறவர், பரீட்சை எழுதுவதற்காக ஊரில் மாமா வீட்டில் தங்கிவிட்டார். அவரை எடுப்பதற்கான அலுவல் நடந்துகொண்டிருந்தது. ரீவிக்கு மேல் அவருடைய போட்டோ இருந்தது, புது மீசையோடு. பெரியம்மா படுத்த படுக்கையில் இருந்தபடி தினமும் கடிதம் வந்ததா என்று கேட்பார். ஊரில் தபால் ஒழுங்காக ஓடவில்லை என்று பெரியப்பா சொல்வார். தபாலதிபரே சொன்ன பிறகு யார் மறுத்துப் பேசுவது.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். புதிதாக நாட்டுக்கு வந்த பிள்ளைகளுக்கு என்று அங்கே ஒரு தனி வகுப்பு இருந்தது. பதினொரு பேர், ஏழு மொழி. எங்கள் ரீச்சர் பாவாடையோடு ஓட்டச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருவார். எந்நேரமும் வாயில் இருமல் இனிப்பு இருக்கும். எங்களைக் கதிரையில் இருத்தி வைக்க முடியாது என்பதை அவர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அதற்காகவோ என்னவோ ஒரு விளையாட்டை உண்டாக்கினார்.

அவர் ஒரு வசனம் சொல்வார். அது உள்ளபடியே உண்மை என்றால் நாங்கள் கதிரையில் இருக்க வேண்டும். ஒன்றை இன்னொன்றாகக் காட்டுகிற, வார்த்தையால் கீறிய படம் என்றால் எழும்ப வேண்டும். வெளியே பனி கொட்டுகிறது என்றால் எல்லோரும் இருப்போம். என் தம்பியின் வயிறு அடியில்லாத சாக்கு என்றால் எழும்புவோம். சந்தேகம் வந்தால் கண்ணை மூடு, சொன்ன பொருள் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று பார், இருந்தால் உண்மை, இல்லாவிட்டால் படம் என்று சொல்லித் தந்தார். உவமை, உருவகம் என்று பெயர் எல்லாம் பிறகுதான் வந்தது. முதலில் கால்களுக்குத்தான் பாடம் நடந்தது.

ஆங்கிலத்தில் நான்தான் வகுப்பிலேயே கடைசி. இந்த விளையாட்டில் நான்தான் முதல். ரீச்சரே ஆச்சரியப்பட்டார். எனக்கு அதில் ஆச்சரியம் இருக்கவில்லை, ஏனென்றால் அம்மாவோடு பத்து வருடம் குடியிருந்தவள் நான். சோறு குழைந்தால் குழைந்தது என்று அவர் சொன்னதே கிடையாது. பசை காய்ச்சின மாதிரி என்பார். அடுத்ததாக ரீச்சர் ஆளுக்கொரு கொப்பி தந்து, வீட்டில் பேசும் படங்களைப் பிடித்து எழுதி, ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். நல்ல வசனத்துக்கு ஒரு வெள்ளி நட்சத்திரம். அதுவரை எனக்கு ஒரு நட்சத்திரமும் கிடைத்ததில்லை.

கொப்பியும் பென்சிலுமாக அம்மாவின் பின்னால் அலையத் தொடங்கினேன். இரண்டே நாளில் ஒரு உண்மை புரிந்தது. அம்மா மனம் ஆறியிருக்கும் நேரத்தில் பச்சைத் தண்ணீர் போல் பேசுவார், எழுத ஒன்றும் கிடைக்காது. கோபம் வந்தால்தான் படம் வரும். ஆகவே கோபத்தை உண்டாக்குவது என் வீட்டுப்பாடம் ஆயிற்று. பாலை ஊற்றினேன். ஒற்றைக் கையுறையைத் தொலைத்தேன். கறிவேப்பிலை வைத்திருந்த பையைத் திறந்து போட்டுக் காய வைத்தேன். நான்கு நட்சத்திரம் வந்தது, முதுகில் இரண்டு அடியும் விழுந்தது. வரவுக்கு அது பெரிய செலவாகத் தெரியவில்லை.

தை மாதக் கடைசியில் எனக்குப் பெரிய சுரங்கம் ஒன்று திறந்தது. பெரியப்பா மாறிப்போனார்.

மாறிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதை நான் அப்போது மாற்றம் என்று எண்ணாவிட்டாலும். பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன். கீழ்த் தளத்தில் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் பெரியப்பா வேலை உடுப்போடு நிற்கிறார். கையில் நீலக் கடிதம். எலிவேட்டர் அன்று ஓடியது, ஆனாலும் யார் முதலில் மேலே போவது என்று நான் அதோடு பந்தயம் வைப்பது வழக்கம். வாங்கோ பெரியப்பா, போட்டி என்றேன். நீ போ பிள்ளை, நான் வாறன் என்றார். அவர் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. எலிவேட்டர் ஓடுகிற நாளில் படியேறி வந்திருந்தார்.

அன்றிலிருந்து பூட்ஸ் உதறும் சத்தம் இல்லை. கதவு திறப்பது கேட்காது. திரும்பிப் பார்த்தால் ஆள் நிற்பார். தேவாரம் இல்லை, பேப்பர் வாசிப்பு இல்லை. கீழ் வீட்டுக்காரர் இடித்தால் பதில் இடி இல்லை. வயிற்றில் புண் என்று சொல்லி மீனையும் இறைச்சியையும் விட்டார். முகம் குளிருக்கு வெடிக்கிறது என்று சவரம் செய்வதை விட்டார். சமையலறை அலுமாரியின் மேல் தட்டில் சாமிப் படங்கள் இருந்தன. அவற்றுக்கு விளக்கேற்றுகிற வேலையை, சிஃப்ற் மாறிவிட்டது என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அம்மா இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கூட்டினார். அவருக்கு வந்த விடை ஒன்றுதான். நாங்கள் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது, அப்பாவின் கடதாசி வருவதாக இல்லை, பெரியப்பாவுக்கு எங்களைக் கண்டு அலுத்துவிட்டது, போகச் சொல்ல வாய் வராமல் இப்படிக் காட்டுகிறார். அதுவும் அம்மா சமைத்த மீனைத் தொடாமல் விட்டது அவருக்குச் சுட்டுவிட்டது. பெரியம்மா கேட்காதபடி, சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் புறுபுறுப்பார். மல்வேர்னில் ஒரு அன்ரி வீட்டின் நிலக்கீழ் அறை வாடகைக்கு இருப்பதாக விசாரித்து வைத்திருந்தார். எங்கள் சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே இருந்து வெளியே வந்தது. மாலையில் உடுப்பை அடுக்குவார், காலையில் எடுத்து வெளியே வைப்பார். எங்கே போவது, எப்படிப் போவது, இரண்டும் அவருக்குத் தெரியாது.

நான் அந்த நெருப்புக்குக் காற்று விசிறினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் விசிறினேன். பெரியப்பா மீன் கோப்பையைத் தள்ளிவைத்தார் என்று ஓடிப்போய்ச் சொல்வேன். சாமித் தட்டுப் பக்கம் பார்க்காமல் போனார் என்பேன். சொல்லிவிட்டுப் பென்சிலோடு நிற்பேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் தந்தார். தாடியைப் பார், காவடிக்கு நேந்த ஆள் மாதிரி. மீனைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரி விலகுறார். சாமித் தட்டுக்கு ஊத்தைக் காலோட வந்த ஆள் மாதிரி எட்ட நிக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பின்னேரம் பெரியப்பா பூனையடி வைத்து எங்கள் பக்கத்தால் போனபோது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது.

"செத்த வீட்டில நடக்கிற மாதிரியெல்லோ நடக்கிறார் மனுசன்."

எனக்கு மயிர் கூச்செறிந்தது, பயத்தால் அல்ல. இது இரண்டு நட்சத்திரம் பெறும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. மொழிபெயர்ப்பதற்கு ஒரு அகராதி வேண்டும். வீட்டில் இருந்த ஒரே அகராதி பெரியப்பாவுடையது. அவரிடமே போய்க் கேட்டேன். பள்ளிக்கூட வேலையோ, நல்லம், வடிவாப் படி என்று எடுத்துத் தந்தார். என் பெரியப்பா, இறந்தவர் கிடக்கும் வீட்டில் நடப்பதைப் போல எங்கள் வீட்டில் நடக்கிறார் என்று அவருடைய அகராதியை வைத்தே ஆங்கிலத்தில் எழுதி முடித்தேன்.

இரண்டு இல்லை, மூன்று நட்சத்திரம் கிடைத்தது. ரீச்சர் அதைப் பெரிய தாளில் எழுதி, படமும் கீறச் சொன்னார். நுனிக்காலில் நடக்கும் நீளமான ஒரு மனிதரைக் கீறினேன். பக்கத்தில் ஒரு பெட்டி, பெட்டியின் தலைமாட்டில் குத்துவிளக்கு. பெற்றோர் வரும் மாலையில் சுவரில் தொங்கப்போவது இதுதான் என்று ரீச்சர் சொன்னபோதுதான் எனக்கு விசயம் உறைத்தது. இதுவரை அந்தக் கொப்பி எனக்கும் ரீச்சருக்கும் நடுவில் இருந்தது. இனிப் பெரியப்பா வந்து பார்க்கப்போகிறார். பார்த்தால் இது அம்மாவின் வாய் என்று உடனே கண்டுபிடிப்பார். கண்டுபிடித்தால் சூட்கேஸ் அடுக்கினபடியே போகவேண்டியதுதான், மாசிப் பனியில்.

அந்த ஒரு கிழமை நான் பட்ட பாடு. பெற்றோருக்கான அழைப்புத் தாளை என் பூட்ஸுக்குள் ஒளித்தேன். ஈரமாகிப் போன பூட்ஸை ஹீற்றருக்குப் பக்கத்தில் காய வைக்க எடுத்த பெரியப்பா அதை உள்ளே இருந்து எடுத்துவிட்டார். கடதாசி என்று ஒன்று இருந்தால் அது எப்படியோ அவர் கைக்குப் போய்ச் சேரும். ரீச்சரிடம் போய் அந்தத் தாளை எடுத்துவிடச் சொன்னேன். எனக்கு இருந்த ஆங்கிலத்தில் வேண்டாம், வேண்டாம் என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கூச்சப்படுகிறேன் என்று நினைத்து அவர் என் தலையைத் தடவி, தாளைச் சுவரின் நடுவுக்கு மாற்றினார். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் நல்லது என்று சாமித் தட்டைப் பார்த்துக் கேட்டேன். காய்ச்சல் அவருக்கு வராமல் எனக்கு வந்து ஒரே நாளில் போய்விட்டது.

பெற்றோர் போகவேண்டிய நாள் மாலை பெரியப்பா மண்ணிறக் கோட்டும் கழுத்தில் ரையும் அணிந்து புறப்பட்டார். இரண்டரைக் கிழமைத் தாடிக்கு அந்த ரை கொஞ்சமும் பொருந்தவில்லை. அம்மா வரமாட்டேன் என்றார். தாய் வராமல் எப்படி என்று பெரியப்பா மெல்லச் சொன்னார். அதையும் அம்மா கட்டளை என்றே எடுத்துக்கொண்டு, சேலைக்கு மேல் குளிர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்தார். பெரியம்மாவுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு அன்ரி வந்து இருந்தார்.

சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் பெரிய மனிதர்கள் முழங்கால் மூக்கில் முட்ட இருந்தார்கள். நான் சுவருக்கு முன்னால் போய் என் தாளை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றேன். என் உயரத்துக்குப் பெட்டிதான் மறைந்தது. பெரியப்பாவின் உருவம் என் தலைக்கு மேல் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் அவர் சுவரைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தப்பிவிட்டேன் என்று நினைத்த நேரத்தில், பெற்றோரும் ஒருமுறை எங்கள் விளையாட்டை விளையாட வேண்டும் என்று ரீச்சர் சொன்னார். உண்மை என்றால் இருங்கள், படம் என்றால் எழும்புங்கள். அவர் ஒவ்வொரு தாளாகச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.

கோபம் வந்தால் என் அப்பா கொதிக்கும் கேத்தில் என்று ஒரு போர்த்துக்கேயப் பிள்ளை எழுதியிருந்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டு எழும்பினார்கள். அந்த அப்பாவும் சிவந்துபோய் எழும்பினார். என் அக்காவின் கூந்தல் மழை நாள் இரவு என்று ஒரு வியட்நாம் பையன் எழுதியிருந்தான். அதற்கும் எழும்பினார்கள். பெரியப்பாவும் எழும்பினார். விளங்காத அம்மாவும் மற்றவர்களைப் பார்த்து எழும்பினார். அதற்குப் பிறகு ரீச்சர் என்னை மெல்ல விலக்கிவிட்டு, என்னுடையதை வாசித்தார்.

எல்லோரும் எழும்பினார்கள். பெரியப்பா எழும்பவில்லை.

அவ்வளவு பேர் நிற்கும்போது ஒருவர் மட்டும் இருந்தால் அது எப்படித் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை. அம்மா அவருடைய கோட்டுக் கையை இலேசாகத் தொட்டார். அவர் அசையவில்லை. எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கம். பேப்பர்க்காரனின் ஆங்கிலத்தைத் திருத்துகிற பெரியப்பாவுக்கு, எங்கள் வகுப்பில் நேற்று வந்து சேர்ந்த பிள்ளைக்கும் தெரிகிற விடை தெரியவில்லையே என்று. ரீச்சருக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். அவர் பக்கத்தில் வந்து, ஆங்கிலம் தெரியாதவர்களோடு பேசும் அந்தச் சத்தமான, மெதுவான குரலில் கேட்டார். உங்கள் வீட்டில் உண்மையிலேயே இறந்தவர் யாரும் இல்லைத்தானே, சேர்?

பெரியப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். இல்லை மடம், எங்கள் வீட்டில் இல்லை என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார். பிறகு முன் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"என்ன வாசிச்சவ?" என்று அம்மா கேட்டார்.

"நான் மெதுவா நடப்பன் எண்டு எழுதியிருக்கிறாள்" என்றார் பெரியப்பா.

வீட்டுக்கு நடந்து வந்தோம். தெருவெல்லாம் ஐஸ். அம்மா நான்கைந்து அடி பின்னால், வழுக்காமல் காலைப் பார்த்து வைத்துக்கொண்டு வந்தார். பெரியப்பா என் கையைப் பிடித்திருந்தார். அவர் கேட்கப்போவதற்கு மூன்று விதமான பொய் தயாராக வைத்திருந்தேன்.

"உதை ஆர் சொன்னது, அம்மாவோ?"

நானே யோசித்தேன் என்றேன். முதலாவது பொய். அவர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்.

"நான் அப்பிடியே நடக்கிறன்?"

"ஓம்."

"பெரியம்மாவும் ஏதும் சொன்னவவோ?"

ஏன் இவர் வந்து போவதே கேட்பதில்லை என்று பெரியம்மா இரண்டு தரம் என்னிடம் கேட்டிருந்தார். அதைச் சொன்னேன். அவருடைய கை என் கையை இறுக்கியது. கோபம் என்று நினைத்தேன். வேறென்ன எழுதி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். கேட்டால் நிறுத்தத் தெரியாத வாய் எனக்கு. அம்மாவின் பெயரை விட்டுவிட்டு, தாடிக்கு எழுதியது, மீனுக்கு எழுதியது, சாமித் தட்டுக்கு எழுதியது எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்புவித்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எங்கள் கட்டடத்து வாசலில் நின்று, நல்லாப் பாத்திருக்கிறாய் பிள்ளை என்றார். அம்மா வந்து சேரும்வரை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் காலை குளியலறையில் இருந்து தேவாரம் கேட்டது. சுருதி கொஞ்சம் விலகி, ஆனால் பதினாறாம் மாடிக்கும் கேட்கிற மாதிரி. வெளியே வந்தவருக்குத் தாடி இல்லை, நாடியில் இரண்டு வெட்டு. வேலையால் வரும்போது ஒரு பையில் மீன் வாங்கி வந்தார். பூட்ஸைக் கதவடியில் ஓங்கி உதறினார், இரண்டு தரம் அல்ல, நான்கு தரம். பெரியம்மாவின் அறை வாசலில் நின்று பேப்பரை உரத்து வாசித்தார். மீன் பொரியலைக் கேட்டு வாங்கித் தின்றார். எழும்பிப்போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றார். கீழ் வீட்டுக்காரர் இடித்தபோது இவர் குதித்தே பதில் சொன்னார். பெரியம்மா உள்ளே இருந்து சிரித்தது கேட்டது.

அம்மா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, உவருக்கு இப்ப என்ன, கலியாண வீட்டில நடக்கிற மாதிரி நடக்கிறார் என்றார். குரலில் கோபம் இல்லை. அன்று பின்னேரம் சூட்கேஸ் காலியாகிக் கட்டிலுக்குக் கீழே போனது. மல்வேர்ன் அன்ரிக்கு ரெலிபோனில் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. எனக்கோ தலை கால் தெரியவில்லை. என் வசனம் ஒன்றால் பெரியப்பாவுக்கு ரோசம் வந்து திருந்திவிட்டார், எங்களையும் வீட்டில் வைத்துக்கொண்டார் என்று முடிவு கட்டினேன். ஊர்ப் பிரச்சினை எதையாவது ரீச்சரிடம் கொடுத்தால் தீர்த்துவிடலாம் போல இருந்தது.

சித்திரையில் பெரியம்மாவுக்கு ஒபரேஷன் நடந்தது. நல்லபடி முடிந்து, தையல் காய்ந்து, அவர் சோபாவில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா அவருக்குப் பக்கத்தில் இருந்து அந்த நீலக் கடிதத்தைக் கொடுத்தார். ஊரில் இருந்து மாமா எழுதியது. சந்தைக்குப் போன இடத்தில் ஷெல் விழுந்து பெரியண்ணா செத்துப் போனார். மாமாவே கொள்ளி வைத்திருந்தார். தை மாதக் கடைசியில் வந்த கடிதம் அது. நான் எலிவேட்டரோடு பந்தயம் ஓடிய அன்று.

பெரியம்மாவின் சத்தத்துக்குக் கீழ் வீட்டுக்காரர் இடிக்கவில்லை. அம்மா சமையலறை வாசலில் அப்படியே நின்றார். பிறகு தன் வாயிலே தானே அடித்தார். "என்ர வாயால எல்லோ சொன்னனான்" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். நான் போய்க் கையைப் பிடித்தேன், அவர் என்னையும் இழுத்துக்கொண்டு அடித்தார். ஊரில் என்றால் தாடி, மரக்கறி, ஏற்றாத விளக்கு என்று இந்த மூன்றையும் ஒரு ஆணிடம் கண்ட எந்தப் பெண்ணும் அது செத்த வீட்டுத் துடக்கு என்று உடனே அறிந்திருப்பாள். இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு கனடாக் காரணம் இருந்தது. அம்மா விரலை மடித்து எண்ணினார். முப்பத்தொரு நாள் காக்க வேண்டிய தகப்பன், பத்தொன்பதாம் நாள் தாடியை வழித்துவிட்டு மீன் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறார். அந்த மீனைப் பொரித்துக் கொடுத்தது தன் கை என்று அம்மா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் கொப்பியைப் பற்றி அவருக்கு நான் சொன்னதில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பெரியப்பா பூட்ஸை உதறிய அந்த வாரம் முடிந்து வந்த திங்கட்கிழமை, புது வசனம் ஒன்றை எழுதிக்கொண்டு போனேன். அகராதிக்கு வேலை இருக்கவில்லை, எல்லாம் தெரிந்த சொற்கள். ரீச்சர் என்னை முன்னால் கூப்பிட்டு என் வாயாலேயே வாசிக்கச் சொன்னார். என் பெரியப்பா கலியாண வீட்டில் நடப்பதைப் போல எங்கள் வீட்டில் நடக்கிறார் என்று கையையும் காலையும் ஆட்டி வாசித்துக் காட்டிவிட்டு, என் கதிரைக்கு ஓடிப்போய் இருந்தேன். உண்மையா, படமா என்று ரீச்சர் கேட்டார். வகுப்பில் முதலாவதாக எழும்பியது நான்தான்.